நம் நூலைப் பற்றி இணையத்தில் யார், எங்கே பேசுகிறார்கள்? எழுத்தாளருக்கு உள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

முதல் நூலை வெளியிட்டுச் சில மாதங்கள் ஆன எழுத்தாளர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. புத்தகத்தை யார் படித்தார்கள், படித்தவர்கள் எங்கே எழுதியிருக்கிறார்கள், அதைத் தவறவிடாமல் அறிவதற்கு எந்த வழியைக் கைக்கொள்வது? அச்சிதழ்கள் மட்டுமே இருந்த காலத்தில் இதற்கு விடை எளிது. மதிப்புரைக்காக இரண்டு படிகள் அனுப்பிய இதழ்களைச் சில மாதங்கள் புரட்டிப் பார்த்தால் போதும்; வாசகர் கடிதம் பதிப்பகத்தின் முகவரிக்கு வந்து சேர்ந்துவிடும். இன்று ஒரே நூலைப் பற்றி ஒருவர் ஃபேஸ்புக்கில் நான்கு பத்தி எழுதுகிறார், இன்னொருவர் யூடியூபில் அரை மணி நேரம் பேசுகிறார், மூன்றாமவர் அட்டைப்படத்தை இன்ஸ்டாகிராமில் இட்டு ஒரு வரி சேர்க்கிறார், நான்காமவர் முழு நூலையும் பிடிஎஃப் ஆக்கி டெலிகிராமில் பகிர்ந்துவிடுகிறார். நால்வரையும் ஒரே வலையில் பிடிக்கும் கருவி எதுவும் இல்லை. ஆகவே எதைப் பிடிக்க வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதற்கேற்ற வழியைத் தேர்ந்தெடுப்பதே நடைமுறைக்கு உகந்தது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் நோக்கம். வாசகர் என்ன நினைக்கிறார் என்று அறிய விரும்புவது ஒன்று; நூல் திருட்டுத்தனமாகப் பகிரப்படுவதைத் தடுக்க விரும்புவது வேறு; விருதுக்கோ மொழிபெயர்ப்பு உரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு மதிப்புரைகளைத் தொகுப்பது இன்னொன்று. அடுத்த பதிப்பில் திருத்துவதற்காகப் பிழைகளைச் சேகரிப்பது நான்காவது. இந்த நான்கிற்கும் ஒரே வழி பொருந்தாது.

இரண்டாவது அளவுகோல், அந்த வழி தமிழை எவ்வளவு நன்றாகக் கையாள்கிறது என்பது. மூன்றாவது, அது கேட்கும் பணமும் நேரமும். நான்காவது, பலரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத மனச்செலவு: காலையில் எழுத உட்காரும்போது ஒரு கடுமையான மதிப்புரை மின்னஞ்சலில் காத்திருந்தால், அன்றைய எழுத்து பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஐந்தாவது, பிறருடைய அந்தரங்கம். மூடிய குழு ஒன்றில் வாசகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை எழுத்தாளர் ஒளிந்திருந்து படிப்பது, தொழில்நுட்பத்தால் இயலும் என்பதற்காக முறையாகிவிடாது.

இவற்றில் இரண்டாவதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் எழுதுபவர்கள் ஏமாறும் இடம் அதுதான்.

## தமிழ்ச் சொல் தேடலில் ஏன் நழுவுகிறது

ஒரு நாவலுக்குப் ‘புளியந்தோப்பு’ என்று பெயர் என்று வைத்துக்கொள்வோம். வாசகர் எழுதும்போது ‘புளியந்தோப்பை வாசித்தேன்’, ‘புளியந்தோப்பில் வரும் பாட்டி’, ‘புளியந்தோப்பின் கடைசி அத்தியாயம்’ என்றெல்லாம் எழுதுவார். வேற்றுமை உருபு ஏறியதும் ஈற்றில் உள்ள உகரம் மறைந்து சொல்லின் வடிவமே மாறிவிடுகிறது. மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால் தேடுபொறி நாம் இட்ட வடிவத்தைத்தான் தேடும். மேற்கண்ட மூன்று வாக்கியங்களும் அதில் சிக்காமல் போகக்கூடும். மேற்கோள் குறி இல்லாமல் தேடினால், சென்னையில் அதே பெயரில் உள்ள பகுதியின் குடிநீர், சாலை, காவல் நிலையச் செய்திகள் எல்லாம் வந்து குவியும்.

ஆசிரியர் பெயருக்கும் இதே நிலைதான். ‘செல்வம்’ என்பது ‘செல்வத்தின்’, ‘செல்வத்துக்கு’ என்று ஆகும்போது மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிடுகிறது. முன்னெழுத்து இருந்தால் ‘கு. செல்வம்’, ‘கு.செல்வம்’, ‘கு செல்வம்’ என்று மூன்று விதமாக எழுதுவார்கள். ஆங்கில எழுத்தில் எழுதுபவர்கள் அந்தக் ‘கு’வை இரண்டு வேறு எழுத்துகளில் எதனால் வேண்டுமானாலும் குறிப்பார்கள், ழகரமோ நெடிலோ உள்ள பெயர் என்றால் வடிவங்கள் இன்னும் பெருகும். பெயரில் ‘ஸ்ரீ’ இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ‘ஶ’ என்ற எழுத்து 2005-இல்தான் யூனிகோடில், அதாவது கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டு முறையில், சேர்க்கப்பட்டது. ஆகவே ஸகரத்தைக் கொண்டு தட்டிய ‘ஸ்ரீ’யும் ஶகரத்தைக் கொண்டு தட்டிய ‘ஶ்ரீ’யும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு இருவேறு எழுத்துத் தொடர்கள். ஔகாரத்தை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்துத் தட்டுபவர்கள் இன்றும் ஏராளம்.

எனவே எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் வேலை ஒரு சொற்பட்டியல் தயாரிப்பது. நூலின் பெயர், அதன் நான்கைந்து வேற்றுமை வடிவங்கள், பெயரோடு ‘நாவல்’ அல்லது ‘சிறுகதைத் தொகுப்பு’ சேர்ந்த தொடர், பெயரோடு ஆசிரியர் பெயர் சேர்ந்த இணை, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று வடிவங்கள், நூலில் மட்டுமே வரக்கூடிய ஒரு பாத்திரப் பெயர், நூலின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பயிற்சியுள்ள மதிப்புரையாளர்கள் நூற்பெயரை உருபு ஏற்றாமல் ‘புளியந்தோப்பு நாவலை’ என்றே எழுதுவார்கள் என்பதால், ‘நாவல்’ சேர்ந்த தொடரின் உருபேற்ற வடிவங்களையும் எழுதிக்கொள்வது பலன் தரும்.

## வழி ஒன்று: கூகுள் அலர்ட்ஸ்

2003-இல் தொடங்கப்பட்ட இச்சேவை இலவசமானது. நாம் கொடுத்த தொடர் புதிதாக ஏதேனும் ஒரு பக்கத்தில் தென்பட்டால் மின்னஞ்சல் அனுப்பும். உடனுக்குடன், நாளுக்கு ஒரு முறை, வாரத்துக்கு ஒரு முறை என்று எப்போது வர வேண்டும் என்பதை நாமே அமைக்கலாம். மொழி, நாடு, செய்தித்தளம் அல்லது வலைப்பதிவு என்று வகைப்படுத்தலாம். மின்னஞ்சலுக்குப் பதிலாக, திரட்டிச் செயலியில் படிக்கக்கூடிய ஆர்எஸ்எஸ் ஓடையாகவும் பெறலாம்.

நாளிதழ்களின் இணையப் பக்கங்கள், இணைய இதழ்கள், தனிநபர் வலைப்பதிவுகள் ஆகியவற்றில் வரும் மதிப்புரைகளுக்கு இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை. ஆனால் அதன் அமைப்பில் பலர் அப்படியே விட்டுவிடும் ஓர் இடம் உண்டு. ‘சிறந்த முடிவுகள் மட்டும்’ என்று இருப்பதை ‘எல்லா முடிவுகளும்’ என்று மாற்ற வேண்டும். வாசகர் குறைவாக உள்ள ஒரு வலைப்பதிவில் வந்த ஆழமான கட்டுரையைச் ‘சிறந்த முடிவு’ என்று கூகுள் கருதாமல் போகலாம். நமக்கோ அதுதான் வேண்டும். மொழியைத் தமிழ் என்று கட்டுப்படுத்துவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தமிழ் நூலைப் பற்றி ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் எழுதுபவர்கள் அதனால் விடுபட்டுவிடுவார்கள்.

இதன் மறைமுகச் செலவு, பதர். பொதுச்சொல்லைத் தலைப்பாகக் கொண்ட நூலுக்கு நூறு மின்னஞ்சலில் ஒன்றுதான் நம் நூலைப் பற்றியதாக இருக்கும். தேவையற்ற சொற்களைக் கழித்தல் குறியிட்டு நீக்கலாம்: ‘புளியந்தோப்பு’ என்பதோடு ‘போலீஸ்’, ‘மாநகராட்சி’ ஆகியவற்றைக் கழித்துவிட்டால் சுமை குறையும். இன்னொரு குறை இன்னும் பெரிது. ஃபேஸ்புக் இடுகைகளில் மிகப் பெரும்பாலானவை, வாட்ஸப், டெலிகிராம், காணொளியில் வாயால் பேசப்பட்டவை ஆகிய எதையும் இது காணாது. அலர்ட் வரவில்லை என்பதால் தம் நூலை எவரும் படிக்கவில்லை என்று மனம் தளர்ந்தவர்களை நான் அறிவேன். நூலைப் பற்றிய பேச்சு கூகுளின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடந்துகொண்டிருக்கலாம் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டுரை நூல்களும் வரலாற்று நூல்களும் எழுதுபவர்களுக்கும், பெயர் அரிதாக இருப்பவர்களுக்கும் இது முதல் தேர்வு. வாரம் ஒரு முறை என்று அமைத்துக்கொள்வது மனச்செலவையும் குறைக்கும்.

## வழி இரண்டு: தளம் தளமாக நாமே தேடுவது

தமிழ் இலக்கியப் பேச்சின் பெரும்பகுதி இன்று ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் நடக்கிறது. 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் உயிர்ப்போடு இருந்த காலத்தில், ஓரிடத்தில் நின்றால் தமிழ் வலைப்பதிவுகள் பலவும் கண்ணில் பட்டுவிடும். இன்று அப்படி ஓரிடம் இல்லை. பொது இடுகைகளைச் சொற்களால் தேடுவதற்கு வெளிச் செயலிகளுக்கு இருந்த வாசலை ஃபேஸ்புக் 2015-இல் மூடியது. பொதுப் பக்கங்களைக் கண்காணிக்க ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் பயன்படுத்திய கிரௌட்டாங்கிள் கருவியை 2024 ஆகஸ்டில் அதன் உரிமையாளரான மெட்டா நிறுவனம் நிறுத்தியது. டுவிட்டராக இருந்து எக்ஸ் ஆன தளம், வெளிச் செயலிகளுக்கு அளித்துவந்த இலவச வாசலை 2023-இல் அடைத்தது. ஆகவே இத்தளங்களில் உள்ளே நுழைந்து, தேடல் கட்டத்தில் நம் சொற்பட்டியலை ஒவ்வொன்றாக இட்டுப் பார்ப்பதே சாதாரண எழுத்தாளருக்கு எஞ்சியிருக்கும் வழி.

இதில் தமிழின் வேற்றுமை வடிவங்களை நாமே மாற்றி மாற்றித் தேட முடிவது பெரிய நன்மை. ஃபேஸ்புக்கில் ‘சமீபத்திய இடுகைகள்’ என்ற வடிகட்டியைப் பயன்படுத்தினால் பழையவை மீண்டும் மீண்டும் வருவது குறையும். எக்ஸ் தளத்தில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று வரையறுத்துத் தேடலாம். யூடியூபில் தேடும்போது நூற்பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியாக இட வேண்டும். என் சிறுகதைத் தொகுப்பைப் பற்றிய நீண்ட உரையாடல் ஒன்றை அது வெளிவந்து ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகே கண்டேன். காணொளியின் தலைப்பு ஆங்கில எழுத்தில் இருந்ததும், நான் தமிழில் மட்டும் தேடிக்கொண்டிருந்ததுமே காரணம். அந்த வாசகர் கேட்டிருந்த இரண்டு கேள்விகள் உண்மையிலேயே முக்கியமானவை. உரிய காலத்தில் பதில் சொல்லாமல் போனது இன்றும் எனக்கு வருத்தம்.

அட்டைப்படத்தை வைத்துத் தேடுவதும் இவ்வழியில் அடங்கும். கூகுள் லென்ஸிலோ 2008 முதல் இயங்கிவரும் டின்ஐ தளத்திலோ அட்டையைப் பதிவேற்றினால், பெயர் பிழையாக எழுதப்பட்ட பக்கங்களும், நூற்பெயரே எழுதாமல் படம் மட்டும் இட்ட பக்கங்களும் அகப்படுகின்றன. திருட்டுப் பிரதி வைத்திருக்கும் தளங்கள் பெரும்பாலும் அசல் அட்டையையே இடுவதால், அந்த நோக்கத்துக்கு எழுத்துத் தேடலைவிடப் படத் தேடல் சில நேரம் கூடுதல் பலன் தருகிறது.

செலவு முழுவதும் நேரம்தான். பட்டியலில் பன்னிரண்டு வடிவங்களும் நான்கு தளங்களும் இருந்தால் நாற்பத்தெட்டுத் தேடல்கள். ஒழுங்காகச் செய்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அதைவிடக் கவலைக்குரியது, தேடப் போனவர் அந்தத் தளத்தின் ஓட்டத்தில் மூழ்கிவிடுவது. மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அந்த ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ள இயலும் என்றால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள். புனைகதையும் கவிதையும் எழுதுபவர்களுக்கு இவ்வழி தவிர்க்க இயலாதது. நூல் வெளிவந்த முதல் மூன்று மாதங்களிலும், சென்னைப் புத்தகக் கண்காட்சி முடிந்த அடுத்த சில வாரங்களிலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தேடுவது நியாயமானதே.

## வழி மூன்று: நூலுக்குரிய பக்கங்களைக் கவனிப்பது

வாசகர்கள் மதிப்புரை எழுதும் குட்ரீட்ஸ், நூல் விற்கும் அமேசான் போன்ற இடங்களில் நூலுக்கென்று ஒரு பக்கம் இருக்கும். பேச்சு தானாகவே அங்கு வந்து சேரும் என்பதால் தேடும் வேலை இல்லை. குட்ரீட்ஸில் ஆசிரியர் தம் பெயரிலுள்ள பக்கத்தைத் தமக்குரியது என்று பதிவு செய்துகொள்ளலாம். தமிழ் நூல்களைப் பொறுத்தவரை அங்கே பார்க்க வேண்டியது இரட்டைப் பதிவு. ஒரு வாசகர் தமிழ் எழுத்திலும் இன்னொருவர் ஆங்கில எழுத்திலும் அதே நூலைச் சேர்த்திருப்பார்கள். மதிப்புரைகள் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். அத்தளத்தின் நூலகர்களாகச் செயல்படும் தன்னார்வலர்களிடம் கேட்டு அவற்றை ஒன்றிணைக்கலாம்.

இங்கு மறைமுகச் செலவு நட்சத்திரக் குறியீடு. காரணம் சொல்லாத இரண்டு நட்சத்திரம் எழுத்தாளருக்கு எதையும் கற்றுத் தருவதில்லை. வலியை மட்டுமே தருகிறது. வாசகர் தம் அபிப்பிராயத்தை எழுதிய இடத்தில் ஆசிரியர் போய் விளக்கம் சொல்லத் தொடங்கினால் அடுத்த வாசகர் எழுதவே தயங்குவார். கிண்டிலில் நேரடியாக நூல் வெளியிடுபவர்களுக்கு இது முதன்மை வழி. அச்சு நூலை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும்.

## வழி நான்கு: மேற்கோள்களையும் நூலகப் பதிவுகளையும் பின்தொடர்வது

ஆய்வு நூல் எழுதியவருக்கு, தம் நூலை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதே முக்கியம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவதற்காக 2004-இல் தொடங்கிய கூகுள் ஸ்காலரில் தம் பெயரில் ஒரு பக்கம் அமைத்துக்கொண்டால், புதிய மேற்கோள் வரும்போது மின்னஞ்சல் வரும். தமிழில் வெளிவரும் ஆய்விதழ்களில் அச்சில் மட்டும் இருப்பவையும், பக்கங்களைப் படமாக வருடி ஏற்றியவையும் பல இருப்பதால், ஸ்காலர் காட்டும் எண்ணிக்கை தமிழ் ஆய்வாளரின் உண்மையான தாக்கத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

இதற்குத் துணையாக ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேடுவதை எல்லா வகை எழுத்தாளர்களுக்கும் சொல்வேன். எண்ணுக்கு வேற்றுமை உருபு கிடையாது. எந்த மொழியில் எழுதப்பட்ட பக்கமாக இருந்தாலும் அது மாறாது. 2007 ஜனவரி முதல் இது பதின்மூன்று இலக்கம். அதற்கு முந்தைய நூல்களுக்குப் பத்து இலக்க வடிவத்தையும் சேர்த்துத் தேட வேண்டும். இடைக்கோடுகளோடு ஒரு முறை, இடைக்கோடு இல்லாமல் ஒரு முறை தேடினால் நூலகப் பட்டியல்கள், விற்பனைத் தளங்கள், விக்கிப்பீடியா அடிக்குறிப்புகள் ஆகியவை வரும். சிங்கப்பூரிலோ டொரொண்டோவிலோ உள்ள ஒரு நூலகம் நம் நூலை வாங்கியிருக்கிறது என்பது இப்படித்தான் தெரியவரும். ஆண்டுக்கு இரண்டு முறை செய்தால் போதும். பணமோ மனச்செலவோ இல்லை.

## வழி ஐந்து: கட்டணக் கண்காணிப்புச் சேவைகள்

பிராண்ட்24, மென்ஷன், மெல்ட்வாட்டர் போன்ற சேவைகள் நிறுவனங்களின் வணிகப் பெயர்களைக் கண்காணிக்கப் பிறந்தவை. செய்தித்தளங்கள், பொதுச் சமூக ஊடக இடுகைகள், பாட்காஸ்டுகள் எனப் பலவற்றை ஒரே திரையில் காட்டும். குறிப்புகள் கூடுவதையும் குறைவதையும் வரைபடமாகத் தரும். கட்டணம் மாதத்துக்குப் பல ஆயிரம் ரூபாய். முந்நூறு ரூபாய் நூலுக்குப் பத்து விழுக்காடு ராயல்டி என்று கொண்டால் ஒரு படிக்கு முப்பது ரூபாய். மாதம் ஆறாயிரம் ரூபாய்ச் சேவைக்கு மாதந்தோறும் இருநூறு படிகள் விற்க வேண்டும். தமிழில் இது எத்தனை பேருக்கு இயலும்?

பணத்தை ஒதுக்கிவைத்தாலும் தமிழ் பற்றிய கேள்வி நிற்கிறது. மூடிய குழுக்களை இவையும் காண முடியாது. நாம் கொடுக்காத வேற்றுமை வடிவத்தை இவையும் தாமாகக் கண்டுபிடிக்கும் என்று நம்ப முடியாது. ‘இந்த நூலைப் படிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்’ என்று பாராட்டாக எழுதப்பட்ட வாக்கியத்தை எதிர்மறை என்று இவை கணக்கிட்டுவிடலாம். ஆகவே நல்லது, கெட்டது என்று இவை பிரித்துக் காட்டும் வரைபடத்தைத் தமிழ் நூல்களுக்கு நான் நம்பமாட்டேன். நாவல் திரைப்படமாகும்போதும், ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னாட்டு விருதுப் பட்டியலில் இடம்பெறும்போதும் பேச்சு சில வாரங்களுக்கு நம் கையை மீறிப் பெருகும். அப்போது ஒன்றிரண்டு மாதத்துக்குப் பதிப்பகம் இதை எடுத்துத் தருவது பொருத்தமானது. எழுத்தாளர் தம் கைப்பணத்தைக் கொடுப்பது வேண்டாம்.

## வழி ஆறு: மனிதர்கள்

வாட்ஸப் குழுக்களிலும், வாசகர் வட்டங்களின் இணையச் சந்திப்புகளிலும் நடக்கும் பேச்சு எந்தக் கருவிக்கும் எட்டாது. அங்கே இருக்கும் ஒருவர் சொன்னால்தான் தெரியும். நூலின் கடைசிப் பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியும், இடைவெளியில்லாத ஒரே சொல்லாக அமைந்த ஒரு ஹேஷ்டேக்கும் அச்சிட்டு, ‘எழுதினால் தெரிவியுங்கள்’ என்று ஒரு வரி சேர்ப்பது இதன் எளிய வடிவம். நான் ஒப்பிட்டவற்றில் செலவு மிகக் குறைந்ததும் அந்தரங்கத்தை முழுமையாக மதிப்பதும் இதுதான். சொல்லலாமா வேண்டாமா என்ற முடிவு வாசகரின் கையிலேயே இருக்கிறது.

இன்னொரு வடிவம், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் தேடும் பொறுப்பை ஒப்படைப்பது. அவர் மாதம் ஒரு முறை தேடி, வசைகளை ஒதுக்கி, காரணத்தோடு எழுதப்பட்ட எதிர்மறை மதிப்புரைகளைக் கட்டாயம் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. பாராட்டை மட்டும் வடிகட்டித் தரும் நண்பர் இந்த வேலைக்கு ஏற்றவர் அல்லர். சாதி, மதம், பாலினம் சார்ந்து எழுதி இணையத் தாக்குதலுக்கு உள்ளாகும் எழுத்தாளர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான். மிரட்டல் இடுகைகளைத் தேதியோடு பாதுகாத்து வைக்கும் வேலையும் அந்த நண்பரிடமே இருப்பது நல்லது.

திருட்டுப் பிரதி விஷயத்திலும் மனிதர்களே முதலில் தகவல் தருகிறார்கள். டெலிகிராமில் நூல் பகிரப்படுவதை அந்த அலைவரிசையில் இருக்கும் வாசகர்தான் காண்பார். தகவல் கிடைத்ததும் பதிப்பாளர் வழியாக நடவடிக்கை எடுக்க வேண்டும். இந்தியாவில் 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளின்படி முறையான எழுத்துப் புகார் கிடைத்தால், பிரதியைத் தாங்கியிருக்கும் இடைநிலைத் தளம் அதை ஏற்கும் நிலையில் 36 மணி நேரத்துக்குள் அப்பிரதியை எவரும் அணுகாதபடி தடுக்க வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் அந்தத் தடை நீங்கிவிடக்கூடும். அலைவரிசை நடத்துபவரின் பெயர் தெரியாது என்பதும் முழுத் தடையன்று: 2022 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், பதிப்புரிமை மீறிய அலைவரிசைகளை நடத்தியவர்களின் விவரங்களை வெளியிடுமாறு டெலிகிராமுக்கு உத்தரவிட்டது.

## கண்டதை எங்கே வைப்பது

எந்த வழியைத் தேர்ந்தாலும் கண்டதைச் சேமிக்காவிட்டால் உழைப்பு வீண். மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாகூ மின்னஞ்சல் குழுமங்களில் ஒரு தலைமுறைத் தமிழ் வாசகர்கள் நூல்களைப் பற்றி எழுதிக் குவித்தார்கள். யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் அடியோடு மூடப்பட்டன. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போயிற்று. அங்கே வந்த மதிப்புரைகளை அன்றே எடுத்து வைக்காதவர்களிடம் இன்று எதுவும் இல்லை. பொதுப் பக்கம் என்றால் இணையப் பக்கங்களின் நகலைப் பாதுகாக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியை இட்டுச் சேமிக்கலாம், அது இலவசம். உள்நுழைந்து பார்க்க வேண்டிய ஃபேஸ்புக் இடுகைக்கு அது உதவாது. தேதியும் முகவரியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டும், வேறெங்கும் மேற்கோள் காட்டுவதற்கு முன் எழுதியவரின் அனுமதியையும் பெற வேண்டும்.

நான் ஒரு விரிதாளில் ஐந்து நெடுவரிசைகள் வைத்திருக்கிறேன்: தேதி, எழுதியவர், முகவரி, சேமித்த பிரதி இருக்கும் இடம், ஒரு வரிக் குறிப்பு. வாசகர் சுட்டிய பிழை என்றால் குறிப்பில் பக்க எண்ணோடு ‘திருத்தம்’ என்று எழுதுகிறேன். மறு அச்சு என்று பதிப்பாளரிடமிருந்து தகவல் வரும் நாளில் அந்தச் சொல்லைத் தேடி, வரும் வரிகளை மட்டும் பிரித்து அவருக்கு அனுப்பிவிடுகிறேன்.